எல்லைக் கொழுப்பு

வெட்டியெடுத்த புரொஸ்டேட் சுரப்பி ஃபோமலினில் ஊறி என் மேசைக்கு வரும்போது, முதலில் கண்ணில் படுவது அதைப் போர்த்தியிருக்கும் மஞ்சள் கொழுப்புத்தான். வலப்பக்கத்துக்கு ஒரு நிறம், இடப்பக்கத்துக்கு இன்னொன்று என மை பூசிவிட்டுத்தான் கத்தி வைப்போம். கொழுப்பைச் சுரண்டிவிடாமல் பூசுவதில் இருக்கிறது கைப்பக்குவம். புற்று அந்தக் கொழுப்புக்குள் புகுந்திருந்தால் நோய்நிலை ரி3ஏ, புகாவிட்டால் ரி2. சுரப்பிக்கு முழுமையான உறை கிடையாது. நுனியிலும் முன்புறத்திலும் எல்லை மங்கிவிடும். ஆனால் சுரப்பிக்குள்ளே கொழுப்பு வெகு அபூர்வம். ஆகவே ஊசியில் வந்த நூல்போன்ற துண்டில்கூட, கொழுப்புக் கலங்களுக்கிடையே புற்றுக் கலங்கள் நின்றால், நோய் வெளியே வந்துவிட்டது என்று துணிந்து எழுதலாம்.

நுணுக்குக்காட்டியில் கொழுப்புக் கலம் வெறும் வெள்ளை வளையம். உள்ளே இருந்ததை மதுசாரமும் சைலீனும் கரைத்துக்கொண்டு போய்விடும். அதனாலோ என்னவோ, நெடுங்காலம் அதை எல்லைக்கல்லாக மட்டுமே பார்த்தோம். 2016இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். இந்தக் கொழுப்புக் கலங்கள் சீசீஎல்7 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது சுரப்பியின் வெளி வலயத்துக்குள் கசிந்து, சீசீஆர்3 வாங்கி உள்ள புற்றுக் கலங்களை வெளியே இழுக்கிறது. உடல் பருத்தவர்களில் இந்த இழுப்பு அதிகம். புரொஸ்டேட் புற்றில் பெரும்பகுதி தொடங்குவதும் அந்த வெளி வலயத்தில்தான்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர்கள் ரிப்போட்டோடு வந்துவிடுவார்கள். "எனக்கு வண்டியே இல்லை டொக்டர், பிறகெப்பிடிக் கொழுப்பு?" என்றார் ஒரு ஐயா. நியாயமான கேள்வி. இந்தக் கொழுப்பின் அளவு உடல் எடையோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. போதாக்குறைக்கு, எங்கள் தென்னாசிய உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்ரிமீற்றர் என்ற இடுப்பளவு வரம்பை எங்களுக்கு 90 ஆக வைத்திருப்பது அதற்காகத்தான். பருமனுக்கு அதிகத் தொடர்பு, புற்று வருவதோடு அல்ல, அது முற்றுவதோடு. பருத்தவர்களின் இரத்தக் கனவளவு கூடுவதால், புரொஸ்டேட் சுரக்கும் பீஎஸ்ஏ என்ற புரதம் ஐதாகி, அளவும் குறைவாகக் காட்டும். நல்ல ரிப்போட் என்று மகிழ்ந்து போகிறவர்களில் இவர்களும் உண்டு.

எம்ஆர்ஐயில் இந்தக் கொழுப்பின் தடிப்பை அளந்து நோயின் வேகத்தைக் கணிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. முடிவுகள் ஒத்துவராததால் நான் இன்னும் அதை நம்பத் தயாரில்லை. சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முன்பக்கத்தில் அகற்றும் கொழுப்புத் திண்டை வாளிக்குள் போடாமல் தனிப் போத்தலில் அனுப்புங்கள். சிலவேளை அதற்குள் ஒரு சிறு நிணநீர்க்கணு இருக்கும். அபூர்வமாக, அதற்குள்ளும் புற்று.