பழைய வண்டி

ஆலங்குளத்துச் சுற்றுப்புறத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். ஒருபுறம் சிமெண்ட் ஆலைக்கான சுண்ணாம்புக்கல் குவாரிகள். மறுபுறம் கோடையில் வெடித்தும் மழையில் குழைந்தும் கிடக்கும் கரிசல் காடுகள். அவற்றினூடே செல்லும் மண்பாதைகளில் மின்சாரத்தால் ஓடும் 'டர்ட் பைக்' ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது, 19 வயதான என் மகனின் நெடுநாள் ஆசை.

புதியது வாங்க நமக்கு வசதி ஏது? இராஜபாளையத்தில் ஓர் இளைஞர் தம் வண்டியை 60,000 ரூபாய்க்குக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் மாலையில் இருவரும் புறப்பட்டோம். என்னுடைய பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை விற்று ஒரு பகுதியை ஈடுகட்டலாம் என்பது என் கணக்கு.

வண்டி பார்வைக்குப் பளபளவென்றே இருந்தது. ஆனால் மின்சார வண்டிக்கு உயிர்நிலை பேட்டரியே. லித்தியம் அயனி பேட்டரியை உருவாக்கியமைக்காக 2019-ஆம் ஆண்டு குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கு வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அத்தகைய அரிய பொருளும் முதுமைக்கு விலக்கன்று. மின்னேற்றிப் பயன்படுத்துந்தோறும் அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. வெப்பம் அதனை விரைவுபடுத்துகிறது. பெட்ரோல் வண்டியின் தேய்மானம் ஓசையிலும் புகையிலும் தெரிந்துவிடும். பேட்டரியின் தேய்மானமோ நின்ற இடத்தில் தெரியாது. முழுதும் ஏற்றினால் திரை 100 என்றே காட்டும். அது புதிதாயிருந்த நாளின் நூறன்று, இன்று எஞ்சியிருப்பதன் நூறு. "ஓட்டிப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அண்ணாச்சி" என்று எங்கள் தெரு எலக்ட்ரீசியன் எச்சரித்திருந்தார்.

மகன் ஒரு தோட்டத்துப் பாதையில் நான்கு கிலோமீட்டர் ஓட்டித் திரும்பினான். நூறு, 62-ஆக இறங்கியிருந்தது. மேடேறும்போது வண்டி திணறியதாம். குனிந்து பார்த்தேன். பேட்டரிப் பெட்டியின் திருகுகளில் புதிய கீறல்கள். சார்ஜர் செருகுமிடத்தில் கருகிய தடம்.

"தம்பி, பெட்டியைத் திறந்ததுண்டா?"

இளைஞர் சற்றுத் தயங்கினார். "ஆமாம் சார். போன மழையில் தண்ணீர் புகுந்துவிட்டது. சில செல்களை மாற்றினேன்."

"பதிவுச் சான்று?"

"கரண்ட் வண்டிதானே சார், அது வேண்டியதில்லை."

பலரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவான சிறு வண்டிகளுக்கே அந்த விலக்கு. அதற்கு மேற்பட்டதைப் பதிவின்றிப் பொதுச் சாலையில் ஓட்டலாகாது. இதுவோ மணிக்கு அறுபது கிலோமீட்டரில் பறக்கக் கூடியது. பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடு ஏது? யார்மீதாவது மோதிவிட்டால் குடும்பமல்லவா தெருவில் நிற்கும்!

வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான் அத்துடன் நிற்கவில்லை. "குறையை மறைத்து விற்ற காசு கையில் தங்காது, தம்பி" என்று அந்தப் பிள்ளையை அவன் வீட்டு வாசலிலேயே வைத்து நெடுநேரம் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். வழிநெடுக என் மகன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாட்காலையில் என் ஸ்கூட்டரைப் பார்க்கக் காய்கறி வியாபாரி ஒருவர் வந்தார். அந்த வண்டி எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். சூடேறினால் பின்னால் நீலப்புகை கிளம்பும். அதற்காகவே விடியற்காலையில் ஆயிலை நிரப்பி, துடைத்து நிறுத்தியிருந்தேன். அவர் ஒருமுறை மிதித்ததும் வண்டி கிளம்பியது. மகிழ்ந்துபோய், "இதில் ஏதும் கோளாறு உண்டா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

'இல்லை' என்ற சொல் என் நுனிநாவில் நின்றது. திண்ணையில் என் மகன் அமர்ந்திருந்தான். அவன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அந்த இளைஞன் தலைகுனிந்து நின்றது என் கண்முன் வந்தது.

"உண்டு" என்றேன். ஆயில் செலவையும் புகையையும் சொன்னேன். பழுது பார்க்க ஆகும் செலவைக் கணக்கிட்டு அவர் 4,000 ரூபாய் குறைத்துக் கேட்டார், கொடுத்துவிட்டேன். நாள்தோறும் சந்தைக்குச் சுமையேற்றிச் செல்பவர். பாதி வழியில் வண்டி நின்றிருந்தால் அவருடைய அன்றைய பிழைப்பே போயிருக்கும்.

அவர் சென்ற பின் மகன் மெல்லச் சொன்னான்: "அப்பா, அந்த அண்ணனிடம் நீங்கள் பேசியது கொஞ்சம் அதிகம்."

அன்று மாலையே அவ்விளைஞனைத் தொலைபேசியில் அழைத்து, கடுமையாகப் பேசியதற்காக வருந்தினேன். உள்ளதைச் சொல்லி, சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஏற்ற விலையில் கொடுக்குமாறும் யோசனை கூறினேன். "சரி சார்" என்றான். அவன் குரலில் வருத்தமில்லை.

என் மகன் இப்போது பச்சை நிற எண் பலகை கொண்ட, முறையாகப் பெயர் மாற்றிய, பழைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை ஓட்டுகிறான். அதனை வாங்கும்போது நான் ஓரமாகவே நின்றேன். கேட்க வேண்டியவற்றையெல்லாம் அவனே பணிவோடு கேட்டுக்கொண்டான்.