ஒன்றை மட்டும் மாற்றுதல்

கடந்த ஏப்ரலில் ஒரு பிற்பகல், கொலாமி மொழிப் பதிவொன்றை ஈலான் மென்பொருளில் எழுத்துப்பெயர்த்துக்கொண்டிருந்தபோது என் மேசைக்கணினி சட்டென்று அணைந்தது. அறையில் மின்சாரம் இருந்தது. மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆதிலாபாத் பகுதியிலிருந்து மூன்று நாள்களுக்கென ஐதராபாத் வந்திருந்த தம்பி ஒருவர் என்னருகே அமர்ந்து, தம் பாட்டியின் குரலைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டி இன்று இல்லை. ஒலிக்கோப்பின் படி வேறொரு வட்டில் இருந்தது. ஆனால் நண்பகல் முதல் எழுதிய குறிப்புகள் அனைத்தும் போயின. தானாகக் காப்புப்படி எடுக்கும் வசதி அம்மென்பொருளின் பட்டியிலேயே உண்டு. நான் அதை இயக்கியிருக்கவில்லை. “பரவாயில்லை அக்கா, மறுபடி செய்யலாம்” என்றார். அன்றிரவு அவருக்குப் பேருந்து.

அதன்பின் மூன்று வாரங்கள் இதே கதை. கொலாமியில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். அதன் கால அளவை ஆராய, ஒலியையும் எழுத்தையும் தானாகப் பொருத்தும் நிரலை ஓட்டவேண்டும். அது செயலியின் எல்லாக் கருக்களையும் வேலைவாங்கும். ஓட்டிய அரைமணிக்குள் கணினி அணைந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல்-பவர் 41’ என்றிருந்தது. பலரும் அதை நோயின் பெயராகவே கருதுகின்றனர். உண்மையில், கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் தெரிவிப்பதில்லை.

வெயிற்காலம் ஆதலால் வெப்பமே காரணம் என்று முடிவுகட்டினேன். ஒரே மாலையில் தூசியைத் துடைத்தேன், செயலியின் மேல் தெர்மல் பேஸ்டைப் புதிதாகத் தடவினேன், ரேமைக் கழற்றி வேறு துளையில் செருகினேன், யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துச் சுவர்ச் செருகியில் நேரடியாக இணைத்தேன். இரண்டு நாள்கள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மீண்டும் அணைந்தது. நான்கையும் ஒன்றாகச் செய்ததால், அந்த இரண்டு நாள் நலம் எதனால் வந்தது, அல்லது தற்செயல்தானா என்று கூற வழியில்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர் பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், “மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்றார்.

முதுகலை மாணவர்களுக்கு ஒலியன் பாடம் எடுக்கும்போது வலை, வளை என்று கரும்பலகையில் எழுதுபவள் நான். ஓர் ஒலி மட்டும் மாறி, ஏனையவை அப்படியே நிற்கும்போதுதான் பொருள் வேறுபாட்டை அந்த ஒலியின்மேல் ஏற்ற முடியும் என்று சொல்பவள். கணினி என்றதும் அதை எப்படி மறந்தேன் என்று இன்றும் விளங்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரவு முழுதும் நினைவகச் சோதனை ஓடியது; பிழையில்லை. வெப்பநிலையை நொடிதோறும் கோப்பில் எழுதவைத்தேன். அணையுமுன் பதிவான கடைசி வரி 64 டிகிரி. செயலி தன்னைக் காத்துக்கொள்ள அணைவது ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டித்தான். வெப்பத்தின்மேல் சுமத்திய பழி நீங்கியது. எஞ்சியது எஸ்.எம்.பி.எஸ். வேலை கூடும்போது செயலி இழுக்கும் மின்னோட்டமும் கூடும். பழைய மின்வழங்கியால் 12 வோல்ட்டைத் தாங்கிப்பிடிக்க இயலாமற் போகலாம்.

விடுதித் தோழியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி மாட்டினேன். நிரல் ஆறு மணிநேரம் தடையின்றி ஓடி முடிந்தது. அதைக் கழற்றிப் பழையதையே மறுபடி பொருத்தினேன். “சரியானதைக் கெடுக்கிறாயே!” என்று தோழி சிரித்தாள். இருபதாம் நிமிடத்தில் கணினி அணைந்தது. அந்த மூன்று வாரங்களில் அது அணைந்து நான் மகிழ்ந்தது அந்த ஒருமுறைதான். (பழையதைப் பிரித்துப்பார்க்கும் ஆசை எழுந்தது. மின்னிணைப்பை நீக்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கும், ஆகவே தொடவில்லை.)

இப்போது புதிய எஸ்.எம்.பி.எஸ். ஓடுகிறது, காப்புப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. தொலைந்த பகுதியைத் தம்பியுடன் தொலைபேசியில் மீண்டும் எழுதினோம். ஒரு சொல்லில் மட்டும் அவர் தயங்கினார். அன்று என்ன பொருள் சொன்னார் என்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. கேட்டுச் சொல்லப் பாட்டியும் இல்லை. கோப்பில் அவ்விடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன்.