மேடைக் கடன்

1964ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒரு நாடகம். ராணி வேடம் எனக்கு. என்னைத் தெரிவு செய்ததற்கு நடிப்புத் திறமை காரணமல்ல. குரல் இன்னும் உடைந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த பாடசாலை. பெண் பாத்திரத்துக்கு வேறு யாரைப் பிடிப்பது? உம்மாவின் பெருநாள் சேலையை வாப்பாவுக்குத் தெரியாமல் பன்பையில் சுற்றிக் கொண்டுபோனேன்.

இரண்டாம் காட்சி. பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றதும் சபையில் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே வாப்பா எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். நாடகம் அத்தோடு நின்றது. ஊரிலே பேச்சு, முறைப்பாடு. அடுத்த தவணையில் நாடகம் பழக்கிய மாஸ்டர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

போகிற அன்று வீதியில் என்னைக் கண்டார். "பாடத்த மறந்திடாத மகன்" என்றார். எந்தப் பாடம் என்று நான் கேட்கவில்லை. ஸலாம்கூடச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நானும் ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான், தாகூரின் சாந்திநிகேதன் பாடசாலையைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். கவிஞர் தாகூரை எல்லோருக்கும் தெரியும். நான் தேடியது நாடகம் பழக்கிய வாத்தியார் தாகூரை.

1901 டிசம்பர் 22ஆம் திகதி, வங்காளத்தில் போல்பூருக்கு அருகே ஐந்தே மாணவர்களோடு அந்தப் பாடசாலை தொடங்கியது. ஐவரில் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். நடத்தக் காசில்லாமல் திண்டாடியபோது மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கொடுத்தார். மறு ஆண்டே அந்த அம்மையார் காலமானார். பாடசாலை நிற்கவில்லை.

அங்கே ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர் பியர்சன் 1916இல் அந்தப் பாடசாலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மரத்தடி வகுப்புகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். என்னைப் பிடித்துக்கொண்டது மாலை நேரம். படுக்கைக்குப் போகுமுன் கதை, பாட்டு, நாடகம். நிலாக் காலத்தில் கூட்டமாக வெளியே நடைப் பயணம். பிள்ளைகளே எழுதிப் படம் வரைந்த கையெழுத்துச் சஞ்சிகைகள். தவறு செய்தவனை விசாரிக்கவும் பிள்ளைகளே நடத்திய ஒரு மன்று. பரிசளிப்பு விழாவுக்கென்று வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கும் சங்கதியல்ல அது. பாட நேரத்தைப்போல ஒன்றுகூடலும் அன்றாட வாழ்க்கையின் பங்கு.

1908இல் இந்தப் பிள்ளைகள் நடிப்பதற்கென்றே தாகூர் எழுதிய நாடகம் 'சாரதோற்சவம்'. அதில் ஒரு பெண் பாத்திரமும் இல்லை என்று வாசித்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டேன். பன்பையும் சேலையும் கண்முன்னே வந்தன. ஆண்பிள்ளைகளின் பாடசாலைக்கு நாடகம் வேண்டுமா, அவர்களுக்குப் பொருந்தியதை எழுதினால் தீர்ந்தது. எவ்வளவு எளிய காரியம்! எங்கள் மாஸ்டருக்கு அப்படியொன்று எழுதிக் கொடுக்க ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

கதையும் எளியதுதான். சரற்கால விடுமுறை. பிள்ளைகள் ஆற்றங்கரையில் ஆடிப் பாடுகிறார்கள். உபநந்தன் என்ற சிறுவன் மட்டும் தனியே குந்தியிருந்து சுவடி பிரதி செய்கிறான். வீணை வாசித்த அவனுடைய குரு இறந்துவிட்டார். அவர் ஒரு கருமிக்குப் பட்ட கடனை அந்தக் கூலியால் அடைக்கப் பார்க்கிறான். அங்கே வரும் சந்நியாசி, உண்மையில் மாறுவேடத்திலிருக்கும் அரசன், அவனோடு குந்தித் தானும் பிரதி செய்கிறார். விளையாட வந்த பிள்ளைகளும் ஆளுக்கு ஓர் ஏடு கேட்கிறார்கள். கடன் அடைப்பதே விழாவாகிவிடுகிறது.

மேடையைப் பற்றியும் தாகூருக்குத் தெளிவு இருந்தது. தீட்டிய திரைச்சீலைகளும் காட்சி அலங்காரமும் பார்ப்பவனின் கற்பனையை நம்பாத செயல் என்று 1902லேயே எழுதினார். நடிப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையே தூரமில்லாத வங்கத்து 'ஜாத்ரா'வை அவர் மெச்சினார். நமது கூத்துக் களரியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆசிரியர்களும் பிள்ளைகளோடு ஆடினார்கள். 1916இல் 'பால்குனி'யைக் கல்கத்தாவில் மேடையேற்றியபோது தாகூரே குருட்டுப் பாடகனாக வந்தார். அதில் கிடைத்த பணம் பாங்குரா மாவட்டத்துப் பஞ்ச நிவாரணத்துக்குப் போனது.

1934இல் அவர் மூன்றாம் முறையாக இலங்கைக்கு வந்தபோது சாந்திநிகேதன் குழு கொழும்பில் 'சாப்மோசன்' நாட்டிய நாடகத்தை ஆடியது. அதில் பெண்களும் ஆடினார்கள். பெண் பாத்திரமே இல்லாத நாடகத்திலிருந்து அந்த இடத்துக்கு வர இருபத்தாறு ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. பொறுமையாகக் கட்டிய பாதை அது. ஊரோடு முட்டிக்கொண்டு ஒரே இரவில் கட்டியதல்ல.

இதை வாசித்த பிறகு வாப்பாவின் மீதிருந்த கோபம் எனக்குக் குறைந்தது. அவருக்கு நாடகத்தோடு பகையில்லை. தன் பிள்ளையைப் பார்த்து ஊர் சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் ஆசிரியனாகிப் போட்ட முதல் நாடகத்தைப் பின்வரிசையில் இருந்து பார்த்தார். திரும்பி வரும் வழியில், "அந்தக் கணக்கப்பிள்ளையா வந்த பொடியன் நல்லாப் பேசினான்" என்றார். 1964ஐப் பற்றி நாங்கள் இருவரும் கடைசிவரை பேசவில்லை.

முப்பத்தெட்டு வருடச் சேவையில் இருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை நானே எழுதிப் பழக்கினேன். இலக்கியத் தரம் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் வீட்டுக்கு ஒளித்து வேடம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒத்திகைக்குப் பெற்றோரையும் அழைத்தேன். வந்தவர்களில் சிலர் பந்தல் கட்டவும் நின்றார்கள்.

மாஸ்டரைத் தேடிப் போகவேண்டும் என்று வருடா வருடம் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவர் மௌத்தான செய்திகூட எனக்கு இரண்டு மாதம் பிந்தித்தான் கிடைத்தது. ஒரு ஸலாம் பாக்கி. ஒரு மன்னிப்பும் பாக்கி.

தாகூர் 1921இல் 'சாரதோற்சவ'த்தைத் திருத்தி எழுதி அதற்குப் புதுப் பெயர் வைத்தார்: 'ரிண்சோத்'. கடன் தீர்த்தல் என்று பொருள்.

ஓய்வு பெற்ற பின்பும் பக்கத்துப் பாடசாலையில் கூப்பிட்டால் போகிறேன். போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் வசனத்தை மறந்து நடு மேடையில் நின்று அழுதான். அவனருகே போய்க் குந்திக்கொண்டேன். "பாடம் மறந்தாப் பரவாயில்ல மகன், நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவம்" என்றேன்.

உபநந்தனின் சுவடியில் இன்னும் ஓர் ஏடு.