மாட்டு வண்டியில் ஏறிய ஆப்பிள்

இந்தியாவின் விண்வெளி முயற்சிகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கட்டை வண்டியொன்றின் மீது செயற்கைக்கோளை ஏற்றிக் காளைகளைப் பூட்டி நிறுத்தியிருக்கும் அந்தப் பழைய புகைப்படத்தை யாரேனும் பகிர்ந்து, எத்தனை தரித்திரத்திலிருந்து மேலேறி வந்தோம் என்று உருகுவது இங்கே ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அந்த அனுதாபம் அநாவசியமானது என்பதே என் அபிப்பிராயம்.

படத்திலிருப்பது, தமிழரான ஆர். எம். வாசகம் திட்ட இயக்குநராயிருந்து உருவாக்கிய ஆப்பிள் என்னும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள். அதன் ஆன்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்க நேர்ந்தபோது, லாரியின் இரும்புடல் ரேடியோ அலைகளைப் பிரதிபலித்து அளவீடுகளைக் குழப்பிவிடும் என்பதனாலேயே, மரவண்டியை அவருடைய குழுவினர் யோசித்துத் தேர்ந்தார்கள். (வண்டிக்காரர் மனத்தில் அன்று என்ன ஓடிற்றோ!)

1981 ஜூன் 19 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து, ஐரோப்பியரின் ஏரியன் ராக்கெட்டினுடைய பரீட்சார்த்தப் பயணமொன்றில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் அது விண்ணேகிற்று. புவிநிலைப் பாதைக்கு அதை உந்திய மோட்டாரோ, நமது எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தினின்று நம்மவர்கள் ஆக்கியது. ஆனால் சூரியத் தகடுகள் இரண்டில் ஒன்று, என்ன பிரயத்தனம் செய்தும் விரியவில்லை. குறைந்துபோன மின்சாரத்தைக் குடும்பத்தலைவியின் சிக்கனத்தோடு பங்கிட்டு, இரண்டாண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சி, வானொலிப் பரிசோதனைகளை அதைக்கொண்டே நடத்தினார்கள் என்பதல்லவா வியக்கத்தக்கது! அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. உள்நாட்டிலேயே கட்டிய இன்சாட்-2ஏ 1992இல் விண்ணேறிற்று. அதுவும் கூரூவிலிருந்து ஏரியனில்தான் போயிற்று; இம்முறை கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது.