டீச் செலவு யார் கணக்கில்?

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா என்றதும், அவர் கிராமத் தொழில் பணி செய்த வார்தாவுக்கு முன்னால் எனக்குப் பாட்னாதான் நினைவுக்கு வரும். 1934 பீகார் நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணி. நிதியைக் கண்காணித்தவர் குமரப்பா. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்குச் சில அணாக்கள்தான் என்று வரம்பு கட்டியிருந்தார். காந்தி அங்கே வந்தபோது, அவர் குழுவின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று காந்தியின் செயலர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

இதைச் சொன்னது அப்பா. குமரப்பா கடைசிக் காலத்தில் தே.கல்லுப்பட்டியில் தங்கியதால் எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றிய பேச்சு நிறைய. அப்பா ஊர்ப் பொங்கலுக்கு வரி பிரித்துக் கணக்கெழுதியவர். மேளம், பந்தல், ரேடியோ செட், சீரியல் லைட் என்று பற்றுப் பக்கம் நீளும். பென்சிலால் கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் மையால் எழுதுவார். கமிட்டிக்காரர்கள் குடித்த டீக்கு மட்டும் அதில் இடம் கிடையாது. “கூலி வேலைக்குப் போறவன் குடுத்த தலைக்கட்டு வரியில நாம வடை தின்னக் கூடாதுப்பா.”

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டச் செலவைப் பராமரிப்பு நிதியில் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டொரு முகங்கள் சுருங்கின. சுருங்கட்டும்.

அம்மாவுக்குக் கணக்கு நோட்டு ஏது? கடைக்காரரிடம் எட்டணாவுக்கு மல்லுக்கட்டுவாள். பனையேறி வீட்டம்மா ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்தால், ஒன்றை உடைத்து முகர்ந்து பார்ப்பாள். சீனி கலக்கவில்லை என்று தெரிந்தால் கேட்ட காசைக் கொடுத்துவிடுவாள். “காலையும் சாயந்திரமும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறுற மனுசன்கிட்ட என்ன பேரம்?”

வாங்குகிற பொருள் எப்படி உண்டானது என்பதற்கும் வாங்குகிறவர் பொறுப்பு என்று குமரப்பா எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அது அம்மா குரலில்தான் கேட்டது. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர் அவர். கொலம்பியாவில் பொது நிதி படிக்கும்போதுதான் ஆங்கிலேய ஆட்சியின் வரியும் செலவும் நம் வறுமைக்கு எப்படிக் காரணமாயின என்பது அவருக்குத் தெளிவானது. 1929-ல் காந்தியைச் சந்தித்தார். பிறகு உடை, உணவு, வேலை எல்லாமே மாறின. தெளிவு முதலில் வந்தது, துறவு அதன் பின்னால் வந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில் புலி வரும், குரங்கு வரும், தேனீ வரும். கொன்று தின்பது புலி. தான் வளர்க்காத தோப்பில் பழம் பறிப்பது குரங்கு. கூட்டத்துக்காகச் சேர்ப்பது தேனீ. அதற்கும் மேலே, கைம்மாறு கேட்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. நேர்மை, எளிமை என்று பெரிய சொற்களை எழுதி வைத்துப் பார்த்திருக்கிறேன். கடை வாசலில் அவை கைகொடுப்பதில்லை. இந்த வாங்கலில் நான் இவற்றில் எது என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடுகிறது.

கொட்டுகிற மழையில், இரவு பதினொன்றுக்கு, பத்து நிமிடத்தில் பால் வந்துவிடும் என்கிறது போன். பால் விடிந்ததும் தெருமுனையில் கிடைக்கும். அதற்காக ஒரு பையன் நனைந்து வர வேண்டியதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்குச் சொல்லிவிடுவேன். வருகிறவர் தலை துவட்டிக்கொள்ளத் துண்டும் குடிக்கச் சூடாக ஏதாவதும் எடுத்து வைப்பேன்.