நன்றியும் தெரிவும்

ஒரு விளையாட்டுக் கழகம் வென்றுகொண்டிருக்கும் காலத்தில் அதன் பயிற்றுநர் யாவர் என்று வினவுவார் அரியர். தோற்கத் தொடங்கிவிட்டாலோ, அவர் பெயரே எங்கும் அடிபடும். “இத்தனை காலம் இருந்தது போதும், இனிப் போகட்டும்” என்பர் ஒரு சாரார். “இத்தனை காலம் உழைத்தவரை இன்று துரத்துவதோ?” என்பர் மற்றொரு சாரார். நம் கல்லூரி மைதானத்தின் எல்லைக்கோட்டருகே நின்று ஆட்டம் பார்க்கும் பழைய மாணவர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. ஆயினும், இதனை நம்மூர்ச் செய்தியொன்றைக் கொண்டு ஆராயப் புகின், முகமும் உறவும் குறுக்கே வந்து நிற்கும். ஆதலின், கடல் கடந்த ஒரு கழகத்தின் கதையைக் கொண்டு ஆராய முற்படுகின்றேன்.

இக்கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பன் ஒருவன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெடுங்காலமாக வாழ்கின்றான். லீட்ஸ் என்றதும் நம்மவர்க்கு ஹெடிங்லி மைதானம் நினைவுக்கு வரும். 2014 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அஞ்சலோ மத்தியூஸ் 160 ஓட்டங்கள் குவிக்க, ஆட்டத்தின் கடைசிக்கு முந்திய பந்தில் இலங்கை அணி வெற்றி கண்ட இடம் அதுவே. அத்துடுப்பாட்ட மைதானத்தை ஒட்டி, பார்வையாளர் மண்டபம் ஒன்றின் மறுபுறத்தில், மற்றொரு மைதானம் உண்டு. அது லீட்ஸ் றைனோஸ் என்னும் றக்பி லீக் கழகத்துக்கு உரியது. என் நண்பன் அக்கழகத்தின் அடியார்களுள் ஒருவன். அவன் தொலைபேசியிற் கூறியவற்றாலும், அனுப்பிய ஆட்டப் படங்களாலும், யானும் அதன் ஏற்றத் தாழ்வுகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து வந்துள்ளேன்.

கண்டியிலும் கொழும்பிலும் நாம் காணும் றக்பி, ஓரணிக்குப் பதினைவர் ஆடுவது. றக்பி லீக்கோ பதின்மூவர் ஆடுவது. ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்பட்டால் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். 1895 ஆம் ஆண்டில், வேலையை விட்டு ஆட வந்த தொழிலாளர்க்கு அந்நாட் கூலியை ஈடுசெய்தல் தகுமா என்ற பிணக்கினால், வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடேர்ஸ்பீல்ட் நகரிற் கூடிப் பிரிந்து சென்றன. அப்பிரிவிற் பிறந்ததே இவ்வாட்டம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தோர் வளர்த்த ஆட்டமாதலின், அங்குள்ள மக்கள் தம் கழகத்தைக் குடும்பச் சொத்தைப் போலக் கருதுவர்.

நிற்க. பிறையன் மக்டேமற் என்பார் 2011 ஆம் ஆண்டுப் பருவத்தில் லீட்ஸ் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். முன்னாளிற் கடற்படைக் காலாள் வீரராக இருந்தவர். பின்னர் பிறட்போட் அணியில் ஆடியவர். அவருடைய முதலிரு பருவங்களிலும் லீட்ஸ் பட்டியலில் ஐந்தாம் இடத்திலேயே நின்றது. ஆயினும் ஈற்றுச் சுற்றுக்களில் எழுந்து, இருமுறையும் மாபெரும் இறுதிப் போட்டியை வென்றது. 2014 இல் சலஞ்ச் கிண்ணம் கிடைத்தது. 1999 இன் பின் அக்கழகம் கண்டிராத கிண்ணம் அது. 2015 இல் கிண்ணம், பட்டியல் முதன்மை, இறுதிப் போட்டி ஆகிய மூன்றும் ஒருங்கே கைவந்தன. இதற்கு மேல் ஒரு பயிற்றுநரிடம் யார்தான் யாதை வேண்டுவர்?

அடுத்த ஆண்டே சரிவு தொடங்கிற்று. நீண்டகாலத் தலைவர் கெவின் சின்பீல்ட், முன்னணித் தூண்களாகிய ஜேமி பீக்கொக், கைலி லெலுவாய் ஆகிய மூவரும் 2015 இன் முடிவில் அணியினின்று விடைபெற்றனர். அவ்வாண்டு திசெம்பர் 26 ஆந் திகதி எயர் ஆறு பெருக்கெடுத்து, கேர்க்ஸ்ரோலில் இருந்த அவர்தம் பயிற்சிக் களத்தை மூழ்கடித்தது. வீரர் பலர் காயமுற்றனர். ஒரு கட்டத்தில் லீட்ஸ் பட்டியலின் அடியிற் கிடந்தது. 23 போட்டிகள் முடிந்தபோது 12 கழகங்களுள் ஒன்பதாம் இடமே கிடைத்தது. முன்னை ஆண்டு மும்முடி சூடிய கழகம், தன் படிநிலையைக் காப்பதற்காக இரண்டாம் படிநிலைக் கழகங்களோடு மோதவேண்டிய நிலைக்கு இறங்கிற்று.

அக்காலத்தில் என் நண்பனுக்கும் எனக்கும் பெரும் வாதம் நிகழ்ந்தது. மக்டேமற் உடனே விலகவேண்டும் என்பது அவன் கட்சி. யான் மறுத்தேன். “உனக்கென்னடாப்பா, நீ வகுப்பறையிலிருந்து பேசுகிறாய், நானல்லவோ காசு கொடுத்து மழையில் நின்று பார்க்கிறேன்” என்று அவன் சினந்தான். அவன் கூறியதில் ஒருபால் நியாயம் உண்டு. ஆயினும் வகுப்பறையிலிருந்து பார்ப்பவனுக்கும் சில தெரியும். ஆசிரியனாகிய என்னை ஒவ்வோராண்டும் என் சிறந்த மாணவர் விட்டுப் போகின்றனர். போவதற்காகவே அவர்களை ஆயத்தஞ் செய்கின்றேன். நல்லதொரு வகுப்பு வெளியேறிய மறு ஆண்டிற் பெறுபேறு தாழுமாயின், அதனை மட்டும் வைத்து ஆசிரியனின் திறம் குன்றிற்று என்று தீர்ப்பளித்தல் முறையன்று. ஆசிரிய கலாசாலையில் எமக்குக் கற்பித்த முதுபெரும் விரிவுரையாளர் ஒருவர், பிள்ளை பாடத்திற் பிந்தினால் முதலில் உன் போதனையை ஆராய், உடனேயே அவன் காலையில் உண்டானா என்றும் கேள் என்பார். லீட்ஸ் அணியின் காலையுணவை அவ்வாண்டு வெள்ளம் கொண்டுபோயிற்று என்பதே என் வாதம்.

கழகத்தின் நிருவாகத் தலைவர் கரி ஹெதறிங்ரன் பயிற்றுநரைக் கைவிட்டாரல்லர். லீட்ஸ் தன் படிநிலையைக் காத்துக்கொண்டது. 2017 மார்ச்சு மாதத்தில் காசில்போட் அணியிடம் 66-10 என்னும் எண்ணிக்கையில் அது நொருங்கியபோது, பழைய கூக்குரல் மீண்டும் எழுந்தது. ஆயினும் அவ்வாண்டின் பட்டியலில் இரண்டாம் இடத்தை அடைந்து, ஒற்றோபர் 7 ஆந் திகதி மன்செஸ்ரரில், அதே காசில்போட் அணியை 24-6 என வென்று, மீண்டும் வாகை சூடியது.

“பார்த்தாயா?” என்று நண்பனிடம் கேட்கும் ஆசை எழாமலில்லை. ஆனால், வெற்றியை மட்டும் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. காசில்போட் அணியின் முக்கிய வீரர் ஒருவர் ஒழுக்கக் காரணத்தால் இறுதிப் போட்டிக்கு இரு நாள் முன்னர் விலக்கப்பட்டிருந்தார். ஆட்டத்தில் ஊழுக்கும் ஒரு பங்குண்டு. 2017 இல் லீட்ஸ் தோற்றிருப்பினும், 2016 இல் மக்டேமற்றை வைத்துக்கொண்டது சரியே என்பேன். அன்று தெரிந்த காரணங்களைச் சீர்தூக்கி எடுத்த முடிபு அது.

2018 இல் வழக்கு வேறு வடிவம் பெற்றது. டனி மக்குவயர் வேறு கழகத்துக்குச் சென்றார். றொப் பறோ ஓய்வு பெற்றார். அணி மீண்டும் தொடர்ந்து தோற்றது. யூலை மாதத் தொடக்கத்தில் மக்டேமற் பதவியினின்று நீக்கப்பட்டார். இம்முறை எம்மிருவர் கட்சியும் மாறின. அவரைப் போகச் சொன்ன நண்பன், “எட்டுக் கிண்ணம் வென்று தந்த மனிதனைப் பருவத்தின் நடுவிலே அனுப்பிவிட்டார்களே” என வருந்தினான். யானோ, பிரிவு தகும் என்றேன். முதற் சரிவிற்கு வெள்ளமும் விடையும் காரணமாக இருந்தன. மூன்றாண்டுள் இரண்டாவது சரிவு வந்தபோது வெள்ளம் இல்லை; மூத்தோர் விலகுவர் என்பதும் முன்னரே அறியப்பட்டதொன்று. பழையோர் இடத்தில் புதியோரை உருவாக்குதல் பயிற்றுநரின் பணிகளுள் ஒன்றன்றோ?

ஈண்டு திருக்குறளின் அமைப்பு எனக்கு விளக்காகின்றது. செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்தார். தெரிந்துவினையாடலைப் பொருட்பாலில் வைத்தார். நன்றி என்பது நாம் ஒருவருக்குச் செலுத்தும் கடன். பணிக்கு ஆளைத் தெரிதல் என்பது, அப்பணியால் வாழும் பலருக்கு நாம் செலுத்தும் கடன். முதற் கடனை இரண்டாவது கடனின் பணப்பையிலிருந்து தீர்த்தல் கூடாது. ஒருவருக்கு நன்றி சொல்வதற்காக இருபது இளைஞரின் பருவங்களைச் செலவிடுதல் ஈகையாகாது. அவ்வாறே, புதிய ஆளைத் தேடும் அவசரத்தில் பழையவரின் பெயரை இழித்துரைத்தல் நிருவாகத் திறமையும் ஆகாது. 2016 இல் மக்டேமற்றைக் காத்தவரும் 2018 இல் அவருக்கு விடைகொடுத்தவரும் ஒருவரே. இவ்விரு கடன்களும் ஒரே நெஞ்சில் வாழக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், ஆளை மாற்றியவுடன் நோய் தீரும் என்று எண்ணுவார் ஒன்றை நினைத்தல் நன்று. 2019 ஆம் பருவத்திற்கெனக் கொண்டுவரப்பட்ட டேவிட் பேர்னர் அவ்வாண்டு மே மாதத்திலேயே நீங்கினார். லீட்ஸ் மீண்டும் ஒரு பெருங் கிண்ணத்தைக் காண 2020 வரை காத்திருந்தது. நாற்காலியில் இருப்பவரை மாற்றுதல் எளிது. நாற்காலியைச் சுற்றியுள்ள குறைகளை மாற்றுதல் அரிது.

ஆகவே, தளர்ந்த கழகமொன்று நெடுநாட் பயிற்றுநரைப் பற்றி முடிபு செய்யுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். தளர்ச்சி அவர் கையால் விளைந்ததா, அவர் கைக்கு அப்பாற்பட்ட காரணங்களால் விளைந்ததா? இளையோர் அவரிடம் இன்றும் கற்கின்றனரா? அவர் போனபின் அவ்விடத்துக்கு உரியவர் ஆயத்தமாக உள்ளாரா? இவற்றுக்கு விடை காணாமல் அவரை விடுத்தல் பதற்றம். விடை கண்ட பின்னும் முகத்துக்கு அஞ்சி வைத்திருத்தல் கோழைமை. கடந்தகால வெற்றி ஒருவருக்கு நீதியான விசாரணையையும், மீண்டெழ ஒரு வாய்ப்பையும் வாங்கித் தரவேண்டும். வாழ்நாட் பதவியை வாங்கித் தரவேண்டியதில்லை.

நாற்பதைக் கடந்து, வெண்கட்டி பிடித்த கையோடு இதனை எழுதும் எனக்கும் இத்தீர்ப்பு ஒருநாள் பொருந்தும் என்பதை யான் அறிவேன். என் மாணவர் என்னிடம் கற்பது நின்றுவிட்ட நாளில், என் பழைய பெறுபேறுகளைக் காட்டி எவரும் எனக்காக மன்றாடவேண்டாம். அந்நாள் வரும்வரை, ஓர் ஆண்டுத் தோல்வியைக் காட்டி என்னைத் துரத்தவும் வேண்டாம். எல்லைக்கோட்டருகே நிற்கும் அன்பர்கள் நம் பயிற்றுநர்க்கும் இவ்வளவையேனும் அளிப்பார்களாக.