கண்ணேறும் காற்றும்

மண்வெட்டியும் உடைந்த ஏணியும் உறங்கிக் கிடந்த தோட்டத்துக் கொட்டகையைக் கோழிக்கூடாக்கத் துணிந்தேன். சுத்தியல் பிடித்துப் பழகாத கை, ஆசைக்கோ குறைவில்லை!

பனி புகுந்துவிடுமே என்று அஞ்சி, சன்னல்கள் இரண்டையும் பலகையால் அடைத்தேன். பாதுகாப்பு என்று எண்ணினேன், தோழர்களே, பாழறையையன்றோ படைத்திருந்தேன்! சில நாட்களில், கதவைத் திறந்தாலே கண் கரித்தது. 12 கோழிகளில் 3 இரைத்து இரைத்தே மடிந்தன.

"ஊர்க்கண் பட்டுவிட்டது, சுற்றி உடையுங்கள்" என்று பூசணிக்காய் ஒன்றும் தந்தார் பக்கத்து வீட்டு அம்மையார். கால்நடை மருத்துவரோ உள்ளே நுழைந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். ஈர எச்சத்தில் எழும் அம்மோனியா, வெளியேற வழியின்றி நுரையீரலை அரித்திருக்கிறது. கொன்றது ஊரார் கண்ணல்ல. நான் அடித்த பலகை.

பலகையைப் பிடுங்கினேன். கூரையை ஒட்டி நெடுகத் திறந்து கம்பிவலை அடித்தேன். கெட்ட காற்று மேலே போகும், கோழி உறங்குமிடத்தில் குளிர் மோதாது. கீரி தோண்டாதிருக்கச் சுவரோரம் 1 அடி ஆழம் வலை புதைத்தேன். தரையில் உமி, நனைந்ததை அன்றன்றே அள்ளுகிறேன். வெள்ளைக் கழிச்சலைக் காற்று தடுக்காது, அதற்குத் தடுப்பூசி.

கோழி உயரத்தில் உறங்க விரும்பும். அந்த உடைந்த ஏணியையே படுக்கையாகச் சாத்தினேன். மாலையில் ஒன்பதும் அதில்தான் ஏறி அமர்கின்றன.

பூசணிக்காயா? கூட்டு வைத்து அம்மையாருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன்.